ரோஸி ஆன்ட்டிக்குக் குரல் கொடுத்தவள்

என்னைப் பார்த்தவுடன் இங்கிலீஷில் ஆரம்பிக்கிறவர்களை நான் முழுசாகப் பேச விட்டுவிடுவேன். ஆட்டோக்காரர், பாங்கில் இருக்கிற பெண், புது அபார்ட்மென்ட் வாட்ச்மேன், யாராக இருந்தாலும் சரி. வார்த்தையைத் தேடித் தேடி, வியர்த்து விறுவிறுத்து ஒரு வாக்கியத்தை முடிப்பார்கள். அப்புறம் நான், "இன்னாப்பா, தமிழ்ல சொல்லேன்" என்பேன். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. இந்த வயசிலும் அந்த அல்ப சந்தோஷத்தை நான் விட்டபாடில்லை.

என் பெயர் ஆக்னஸ் ஹென்ரிக்ஸ். நாங்கள் ஆங்கிலோ இந்தியர்கள். அப்பா ஆவடியில் ஃபிட்டர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டயரானவள். மேனாம்பேட்டில் பிறந்தேன், மேனாம்பேட்டிலேயே இருக்கிறேன். வீட்டுக்குள் இங்கிலீஷ், கேட்டைத் தாண்டினால் தமிழ். தண்ணி லாரி வரிசையில் என் குடத்தைப் பின்னால் தள்ளி வைத்தவளோடு மல்லுக்கட்டிக் கற்ற தமிழ் அது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுக்கச் சொன்னபோது கூட அப்பா, இவள் சண்டை போடப் போவது பிரான்ஸிலா என்று கேட்டுத் தமிழிலேயே சேர்த்தார். கூடப் பிறந்தவர்கள், கூடப் படித்தவர்கள் எல்லோரும் பெர்த், மெல்போர்ன் என்று போய்விட்டார்கள். நான் போகவில்லை. ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் கோமளாவின் மகன் சரண் டிவி சீரியலில் அசிஸ்டன்ட் டைரக்டர். பாரிவாக்கத்தில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து அங்கே தினமும் ஷூட்டிங். போன வருஷம் ஒரு நாள் காலையில் என்னிடம் ஓடி வந்தான். ரோஸி ஆன்ட்டி என்று ஒரு ஆங்கிலோ இந்திய வீட்டுக்கார அம்மா வேஷம், நடிக்க வேண்டியவர் வரவில்லை, ரெண்டே நாள் வேலைதான், வாங்க ஆன்ட்டி என்று கையைப் பிடித்து இழுத்தான். கதை என்ன என்று கேட்டேன். மதி என்று ஒரு பெண்ணை மாமியார் வீட்டில் துரத்தி விடுகிறார்களாம், அவள் ரோஸி ஆன்ட்டி வீட்டு மாடியில் குடி வருகிறாளாம். சரி, துரத்தப்பட்ட பெண்ணுக்கு வீடு கொடுக்கிற மனுஷிதானே என்று கிளம்பிவிட்டேன்.

அங்கே வசனத்தை யாரும் மனப்பாடம் பண்ணுவதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் சரண் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாக உரக்க வாசிப்பான். நடிக்கிறவர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மதியாக நடிக்கிற பெண் புனேக்காரி. தங்கமான பெண், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, கிளி மாதிரி கேட்டுச் சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீரும் விடுவாள். என் முறை வந்தது. சரண் வாசித்தான்: "வாடகே எப்போ குடுக்கறான், மேன்?"

நான் அவனை முறைத்தேன். எதிரே நிற்பது பொம்பளைப் பிள்ளை, அவளை எதற்கு மேன் என்கிறேன், குடுக்கறான் என்றால் எவன் என்று கேட்டேன். பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது என்றான். பேப்பர் கிடக்கட்டும் என்று நான், "வாடகை எப்பம்மா குடுப்ப?" என்று ஒழுங்காகவே பேசினேன். டைரக்டர் ஸ்ரீநாத் ஓகே சொல்லிவிட்டார். பார்த்தாயா, நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே பேசுவது எதுவும் டிவிக்கு வராது, பின்னால் ஸ்டுடியோவில் வேறு ஆட்களை வைத்து எல்லாக் குரலையும் மாற்றிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் வருகிற நாளன்று கோமளா கேசரி கிண்டி எடுத்து வந்தாள். தெருவில் பாதிப் பேர் என் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மணிக்குத் திரையில் வந்தேன். பச்சைப் பூப் போட்ட என் சொந்த கவுன், என் மூக்குக்கண்ணாடி, என் வாய். அந்த வாய் திறந்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் குரல் கீச்சென்று, "வாடகே எப்போ குடுக்கறான், மேன்? நான் சும்மா விட மாட்டான்" என்றது.

பின்னால் யாரோ சிரித்தார்கள், அதோடு எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, காமெடி வேஷம் என்று நினைத்துவிட்டார்கள். கோமளா மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குரலால்தான் ரோஸி பிரபலமானாள். ரெண்டு நாள் வேஷம் மாதக்கணக்கில் நீண்டது. அம்பத்தூர் மார்க்கெட்டில் பெண்கள் ஓடி வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோரும் என்னிடம் அந்த உடைந்த தமிழிலேயே பேசினார்கள். பார்வதம் எனக்குக் காலம் காலமாக மீன் விற்கிறவள், என் நாக்குக்குப் பயந்து எடையைச் சரியாகப் போடுகிறவள். அவளே, "வா மேன், வஞ்சிரம் வோணுமா மேன்?" என்று ஆரம்பித்தாள். நான் எகிறினேன். கோச்சுக்காதே ஆக்னஸம்மா, டிவியில் எவ்வளவு நல்லாப் பேசுகிறாய் என்றாள். டிவியில் நான் நல்லாப் பேசுகிறேனாம். மீனே வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் ஆட்களில் ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து நின்றாள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆபீசில் எல்லோரும் அவளை ரோஸி மாதிரி பேசிக் காட்டச் சொல்கிறார்களாம். குறை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அவள் வயசில் நானும் அதையேதான் சிரித்தேன். அன்றைக்கு முடிவு பண்ணினேன். என் வாய்க்கு என் குரல் வர வேண்டும். அது நடக்காவிட்டால் ரோஸியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.

ஸ்ரீநாத்திடம் போய்ச் சொன்னேன். பாவம், மரியாதையான மனுஷன், எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.

"மேடம், உங்க முகத்துக்கு அந்தத் தமிழ்தான் ஒட்டும். நீங்க பேசுற தமிழை உங்க வாயிலிருந்து கேட்டா ஆடியன்ஸ் நம்ப மாட்டாங்க."

அறுபது வருஷத்துக்குப் பக்கமாக இந்த முகத்தோடு இந்தத் தமிழைப் பேசிக்கொண்டிருக்கிறேன், மீன்காரி நம்புகிறாள், கறிக்கடைக்காரர் நம்புகிறார், உங்கள் ஆடியன்ஸுக்கு என்ன கேடு என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சேனல், டி.ஆர்.பி. என்று என்னவோ சொன்னார். நான் நின்றுவிடுகிறேன் என்றேன். திரும்பி வரும்போது சரண்தான் மெதுவாகச் சொன்னான், நீங்கள் நின்றால் இன்னொருத்தரைக் கூட்டி வருவார்கள் ஆன்ட்டி, குரல் மட்டும் இதே குரல்தான் இருக்கும் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரடா அந்தக் குரல் என்று கேட்டேன். ஞானகுமாரி என்று ஒருத்தர், ஆவடி சேக்காட்டில் வீடு என்றான்.

மறுநாளே சேக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன திட்டுவது என்று அடுக்கிக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது நல்ல கறுப்பாக, உயரமாக, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவளாக ஒரு பெண். "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மதியின் குரல். அந்தப் புனேப் பெண் தினமும் டிவியில் அழுகிற, கெஞ்சுகிற குரல், இந்த முகத்திலிருந்து வந்தது.

நான் திட்ட வந்ததைத் திட்டாமல் விடவில்லை. உட்காராமலே பேசினேன். எங்கள் ஜனத்தைக் கேலிப்பொருளாக்கி வயிறு வளர்க்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கூடக் கேட்டுவிட்டேன். அவள் டீ போட்டு எடுத்து வந்து முன்னால் வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"நீங்க அங்க பேசினது ஒண்ணு விடாம எனக்குத் தெரியும்கா. ஷூட்டிங்ல பதிவானதை எனக்கு ஹெட்போன்ல போட்டு விடுவாங்க. முதல்ல உங்க தமிழைக் கேப்பேன். எவ்ளோ நல்லாருக்கும். அப்புறம் அதை உடைச்சு உடைச்சுப் பேசுவேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவள் கதையையும் சொன்னாள். சின்ன வயசில் சர்ச் நாடகத்திலெல்லாம் இவள்தான் முதல் வேஷம். நடிக்கலாம் என்று வாய்ப்புக் கேட்டு ஏறி இறங்கினாளாம். வேலைக்காரி வேஷம் வேண்டுமானால் இருக்கிறது என்றார்களாம். அதுவும் கூடப் போகப் போகக் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் குரல் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். முகத்தை வெளியே விட்டுவிட்டுக் குரல் மட்டும் உள்ளே போனது என்றாள். அன்றிலிருந்து புனேக்காரிக்கும் மங்களூர்க்காரிக்கும் நல்ல தமிழ் இவள்தான். மலையாள நர்ஸ், சேட்டு வீட்டம்மா, ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி எல்லோருக்கும் உடைந்த தமிழும் இவள்தான். யாருக்கு எது என்று முகத்தைப் பார்த்து அவர்கள் சொல்வார்களாம். எங்கேயும் இவள் பெயர் வராது. பிள்ளை எவாஞ்சலின் காலேஜ் படிக்கிறாள், அந்தப் படிப்பு இதில்தான் ஓடுகிறது என்றாள்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன். சண்டை போடப் போன இடத்தில் பிஸ்கட்டும் தின்றுவிட்டுத் திரும்பி வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு அவள்மேல் கோபம் துளியும் இல்லை. அந்தக் கோபத்தை யார்மேல் போடுவது என்று தெரியாமல் டிக்கெட்டைக் கசக்கிக்கொண்டு வந்தேன்.

நான் நின்றாலும் அந்தக் குரல் நிற்காது என்பதால் ஷூட்டிங்குக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அந்த வாரம்தான் கேட் சீன் வந்தது. மதியின் மைத்துனன் ஆட்களோடு வந்து அவளை இழுத்துப் போகப் பார்க்கிறான், ரோஸி குறுக்கே நிற்கிறாள். பேப்பரில் ஏய் மேன், இது என் வீடு, நீ வெளியே போறான் என்று எழுதியிருந்தார்கள். எப்படியும் உடைக்கத்தானே போகிறார்கள், உடைக்கிறவளாவது நல்லதாக ஒன்று கேட்கட்டும் என்று நினைத்தேன். சரண் வாசிக்க வாயெடுத்தான். கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு நான் பேசினேன்.

"அங்கயே நில்லு. கேட்டுக்குள்ள ஒரு காலு வெச்ச, வெச்ச காலு இருக்காது. இன்னா பாக்குற? தோலைப் பாத்துட்டு, இவளுக்கு இன்னா தெரியும்னு வந்துட்டியா? நான் பொறந்தது இந்த ஊரு. எங்கப்பன் பொறந்தது இந்த ஊரு. இந்தப் பொண்ணு என் ஊட்ல கீது. என் ஊட்ல கீற வரைக்கும் என் பொண்ணு. போ, போய் உங்கம்மாவை வரச் சொல்லு, நான் பேசிக்கிறேன்."

ஸ்ரீநாத் கட் சொன்னார். மதியாக நடிக்கிற பெண்ணுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனாலும் என் முதுகுக்குப் பின்னால் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். நடுவில் முருங்கை மரத்துக் காக்கா ஒன்று கத்தித் தொலைத்தது. அந்த பங்களாவில் அந்தக் காக்காவோடு எங்களுக்குத் தினமும் ரோதனை. பரவாயில்லை, குரல் மாறும்போது காக்காவும் போய்விடும் என்று சொல்லி அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அது டிவியில் வந்த சாயங்காலம் நான் பார்க்கப் போவதில்லை என்று இருந்தேன். கோமளா விடவில்லை. வந்து டிவியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் தலையைக் குனிந்து வெங்காயம் உரித்தேன். அங்கயே நில்லு என்று ஒரு குரல் கேட்டது. கோமளா என் தொடையில் அடித்தாள். நிமிர்ந்தேன். என் முகம், என் வாய், என் கரகரப்பு. அப்பவும் நான் நம்பவில்லை, யாரோ என்னை மாதிரியே பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது காக்கா கத்தியது. அந்தக் காக்காவை எனக்குத் தெரியும். முருங்கை மரத்துக் காக்கா. அது என்னோடு பாரிவாக்கத்திலிருந்து வந்திருந்தால் பேசியது நானேதான். நான் அழுததைக் கோமளா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லட்டும். வெங்காயம் என்று நான் பொய் சொல்லவில்லை.

நடந்ததைச் சரண்தான் போனில் சொன்னான். சீரியலில் எல்லாமே கடைசி நேரம். பகலில் எடுத்து, குரல் மாற்றி, சாயங்காலம் ஓட்ட வேண்டும். ஞானகுமாரி ஸ்டுடியோவுக்கு வந்தாளாம். ஹெட்போனில் என் பேச்சைக் கேட்டாளாம். திரும்ப ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்டாளாம். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இதை என்னால் உடைக்க முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுந்துவிட்டாளாம். வேறு ஆளுக்கு நேரம் ஏது? என் குரலை அப்படியே, காக்காவோடு சேர்த்து விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் அந்தத் துண்டு எல்லார் போனிலும் சுற்றியது. ஆடியன்ஸ் நம்ப மாட்டாங்க என்ற ஸ்ரீநாத், இது நான் ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்தது மேடம் என்றார். வைத்துக்கொள்ளட்டும். ரோஸிக்கு இனி நானே பேசுவது என்று ஆனது. பார்வதம் வஞ்சிரத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டே, இப்பத்தான் நீ நீயா கீற என்றாள். சர்ச்சில் அந்தச் சின்னப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள்.

எல்லாம் எனக்கு வந்தது. ஞானகுமாரிக்கு என்ன வந்தது? ரோஸி வேலை கையை விட்டுப் போனது. ஸ்டுடியோவில் இவள் திமிர் பிடித்தவள் என்று பேச்சு வேறு. நான் மஞ்சள் சோறும் கறி உருண்டைக் குழம்பும் சமைத்துத் தூக்கிக்கொண்டு சேக்காட்டுக்குப் போனேன். உன் பிள்ளை படிப்புக் காசில் ஒரு பகுதியை எனக்காக விட்டுவிட்டாயே, உனக்கு நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டேன். உங்களுக்காக இல்லைக்கா, எனக்குத்தான் தாங்கவில்லை என்றாள். ஸ்டுடியோவில் நான் முதல் நாள் பேசத் திணறியபோது பக்கத்தில் நின்று, வரி ஆரம்பிக்கிற இடத்திலெல்லாம் என் தோளில் விரலால் தட்டிக் கொடுத்ததும் அவள்தான். அந்த விரல் இல்லாவிட்டால் என் வாய் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போயிருக்கும்.

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. கதையில் மதி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேருகிறாள், அங்கே ஹெட்மிஸ்ட்ரஸ் வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சரண் சொன்னான். ஸ்ரீநாத்திடம் போனேன். ஞானகுமாரி என்றதும், ஆயா வேஷம் ஒன்று இருக்கிறதே என்றார். ஹெட்மிஸ்ட்ரஸ் என்றேன். முகம் கொஞ்சம் என்று இழுத்தார். அடுத்த வாரம் பூராவும் எனக்குக் காய்ச்சல் வரும் போலிருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் இருமிக் காட்டினேன். சரி என்றார்.

ஞானகுமாரி ஊதா நிறக் காட்டன் புடவையில் ஹெட்மிஸ்ட்ரஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு அந்த சீனில் வேலை இல்லை, ஆனாலும் போய் ஓரமாக நின்றேன். வீட்டு வழக்கை எல்லோர் முன்னாலும் பேசிவிட்டார்களே என்று மதி அழுகிறாள், இவள் அவளுக்குத் தைரியம் சொல்லி வகுப்புக்கு அனுப்ப வேண்டும். சரண் வாசிக்கவே தேவைப்படவில்லை. ஒரே டேக். முடிந்ததும் லைட் பிடிக்கிற ஆட்கள் கைதட்டினார்கள். அவள் வெட்கப்பட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

குரல் மாற்றும்போது வந்தது சங்கடம். மதிக்குப் பேசுவது ஞானகுமாரி. ஹெட்மிஸ்ட்ரஸும் ஞானகுமாரி. ஒரே சீனில் எதிரும் புதிருமாக இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே குரல். மதியின் குரலை மாற்றவே முடியாது, ஜனங்களுக்குப் பழகிவிட்டது. நீங்கள்தான் எத்தனையோ குரலில் பேசுவீர்களே, உங்கள் முகத்துக்குத் தொண்டையை மாற்றி ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள் என்று ஸ்டுடியோவில் சொன்னார்கள். அவள் யோசிக்கவே இல்லை, முடியாது என்றாள். அன்று நான் ரோஸிக்குப் பேச வந்திருந்தேன். என்னிடம் வந்தாள்.

"எல்லாருக்கும் கள்ளக் குரல் குடுத்தாச்சுக்கா. என் மூஞ்சிக்கும் அதையே குடுக்கவா? எனக்கு நீங்க பேசுங்க."

என் வாயில் இன்னொருத்தி பேசக் கூடாது என்று ஊரைக் கூட்டினவள் நான். என்னிடம் போய் இவள் தன் வாயைத் தருகிறாள். நான் இரண்டு முறை வேண்டாம் என்றேன். அவள் ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஹெட்போனில் அவள் ஷூட்டிங்கில் பேசியது வந்தது. மதிக்குக் கொடுக்கிற அதே குரல்தான், ஆனால் அழுகை இல்லை, ரோஸியின் கீச்சு இல்லை, எந்த வேஷமும் இல்லாத ஞானகுமாரியின் குரல். கொஞ்சம் தாழ்ந்து, நிதானமாக, ஆவடி வாடை அடிக்கிற குரல். அதைக் கேட்டது அந்த அறையில் நான் ஒருத்திதான். எத்தனை வருஷம் இவள் என் மாதிரி ஆட்களின் பேச்சை இப்படித் தனியாகக் கேட்டிருப்பாள் என்று நினைத்தேன். தோளில் விரல் தட்டியது. பேசினேன். அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன், அவள் இழுத்த இடத்தில் இழுத்தேன், ஒரு வார்த்தையைக் கூட என் இஷ்டத்துக்கு மாற்றவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அடக்கமாக நான் எதையும் பேசியதில்லை.

அந்த சீன் வந்த சாயங்காலம் நான் சேக்காட்டில்தான் இருந்தேன். எவாஞ்சலின் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் திரும்பி, அம்மா, நீ என்னைக் காலேஜுக்கு அனுப்பும்போது இப்படித்தான் பேசுவாய் என்றாள். ஞானகுமாரி எழுந்து உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் ஆவடி மார்க்கெட்டுக்குப் போனோம். எனக்கு ஒரு குடை வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் குடைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே ஞானகுமாரியை உற்றுப் பார்த்தார். தான் சீரியல் பார்க்கிற ஆள் இல்லை, நேற்று வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் நீங்கள்தானே என்று கேட்டார். ஞானகுமாரி யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். நான் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். ஆமாங்க என்றாள். அவர் தலையைச் சாய்த்து, பேச்சு மட்டும் டிவியில் வேறு மாதிரி இருந்ததே என்றார்.

பேசாமல் சிரித்து மழுப்பியிருக்கலாம். குரல் கொடுத்தவர் பெயரை அந்தத் தொழிலில் யாரும் வெளியே சொல்வதில்லை. அவள் பெயரையும் இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அவள் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"எனக்குக் குரல் குடுத்தது இவங்க. ஆக்னஸ் அக்கா."

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், கவுனைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து நின்று, "மேடம், யுவர் வாய்ஸ்... வெரி வெரி..." என்று வார்த்தையைத் தேட ஆரம்பித்தார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஊரில் எல்லோருக்கும் பதில் வைத்திருக்கிற எனக்கு ஒரு எழுத்து வரவில்லை. ஞானகுமாரி என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னாப்பா, தமிழ்ல சொல்லேன்" என்றாள்.

அச்சாக என் குரல். எங்கேயும் உடையவில்லை.